திரிபிலே பிறந்த இசை

இசை என்றாலே தூய்மை என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். திருவிழாவில் ஒலிபெருக்கி கரகரத்தால் காதைப் பொத்திக்கொள்கிறோம். இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் இதே பாடந்தான். டிரான்சிஸ்டர் பெருக்கியை அமைத்து, உள்ளே செலுத்திய சைன் அலை வடிவம் மாறாமல் வெளியே வருகிறதா என்று அலைகாட்டியில் பார்ப்போம். அலையின் தலை தட்டையானால், "உள்ளீட்டைக் குறையப்பா!" என்பார் எங்கள் பேராசிரியர். அந்தத் தட்டைத் தலையையே விலை கொடுத்து வாங்குவோரும் உலகில் உண்டு என்று அறிந்தபோது நான் அடைந்த வியப்பே இக்கட்டுரை.

அவர்கள் மின்கிட்டார் கலைஞர்கள். கிட்டாருக்கும் பெருக்கிக்கும் இடையே, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி ஒன்றை இணைப்பர். 'ஃபஸ்' என்பது அதன் பெயர். அலையின் மேலும் கீழும் அது வெட்டிவிட, புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன, தந்தி உறுமுகிறது.

இதன் வரலாறு ஒரு பழுதிலே தொடங்குகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொர்ரி' பாடலைப் பதிவு செய்கையில், கிரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் கிட்டாரின் ஒலி பதிவுக் கருவியின் கோளாறால் சிதைந்தது. அதை நீக்காமலே 1961-இல் பாடலை வெளியிட்டனர். பாடல் வெற்றி பெற்றது. பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அவ்வொலியை டிரான்சிஸ்டர்களால் உண்டாக்க முனைந்தார். அதன் பயனாக 1962-இல் கிப்சன் நிறுவனத்தின் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' வந்தது. மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள். முதலில் கடைகளில் தேங்கிய அப்பெட்டி, 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்ஷன்' பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதனைக் கையாண்டபின் கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

1966-இல் இலண்டனில் 'ஃபஸ் ஃபேஸ்' தோன்றியது. ஜிமி ஹென்ட்ரிக்ஸால் புகழ்பெற்ற வட்டப் பெட்டி இதுதான். உள்ளே 2 டிரான்சிஸ்டர்கள், 4 மின்தடைகள், 3 மின்தேக்கிகள், 2 மாறுதடைகள். நம் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகலிலே பற்றவைத்துவிடலாம்!

வியப்பு யாதெனில், ஒரே வரைபடத்தின்படி செய்த இரு பெட்டிகள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஒரே எண் பொறித்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் பெருக்கத்திலும் கசிவு மின்னோட்டத்திலும் வெகுவாக வேறுபடும். வெப்பநிலை சுமார் 10 பாகை உயர்ந்தால் கசிவு ஏறத்தாழ இருமடங்காகும். 9 வோல்ட் மின்கலத்தில் இரண்டாம் டிரான்சிஸ்டரின் ஏற்பான் ஏறக்குறைய 4.5 வோல்ட்டில் நின்றால் ஒலி நிறைந்திருக்கும். அந்நிலை பெரிதும் நழுவினால் தொண்டை கட்டியவன்போல் விட்டுவிட்டு ஒலிக்கும். பின்னர் வந்த சிலிகான் வெப்பத்துக்கு அவ்வளவாக அசையவில்லை; பெருக்கமும் மிகுதி. ஆனால் குரல் கூர்மையானது. நியூயார்க்கில் மைக் மேத்யூஸ் 1969-இல் கொணர்ந்த 'பிக் மஃப்' நான்கு சிலிகான் டிரான்சிஸ்டர்களை வைத்து, டையோடுகளால் இருமுறை அலையை வெட்டி, நீண்டு ஒலிக்கும் நாதத்தைத் தந்தது.

அப்படியானால் நல்ல பெட்டி எவ்வாறு அமைகிறது? யாரோ ஒருவர் பொறுமையாக ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் அளந்து, காதாலும் கேட்டு, ஏற்ற இணையைத் தேர்ந்திருக்கிறார். ஒன்றன் இயல்புக்கு ஏற்ப மின்தடையையும் மாற்றியிருக்கிறார். வெளியே பொறித்த எண்ணை நம்பி அவர் நின்றுவிடவில்லை.

இவ்விடத்தில் என் மனம் நம்மை நோக்கித் திரும்புகிறது. "பொறியியல் கிடைக்கவில்லை, அதனால் கலைக்கல்லூரி" என்று உறவினர் என்னை அறிமுகம் செய்யும்போதெல்லாம் நெஞ்சு சுருங்கும். மதிப்பெண்ணும் வெளியே பொறித்த ஓர் எண்தானே? ஆயினும் எங்கள் பேராசிரியர் எண்ணோடு நின்றவரல்லர். ஒவ்வொருவனும் எங்கே தடுமாறுகிறான் என்று பார்த்து, அவனுக்கு ஏற்றவாறு மறுபடியும் விளக்குபவர் அவர்.

எனவே, திரிபு இனிக்கிறது என்பதற்காக அவர் பாடத்தைத் தள்ளிவிட வேண்டா. தூய அலையை அறிந்தவனுக்கே அதை எவ்வளவு வெட்டலாம் என்பதும் தெரியும். அடுத்த ஆய்வு வகுப்பில் அலை தட்டையானால் உள்ளீட்டைக் குறையுங்கள், நண்பர்களே! குறைக்குமுன் ஒரு கணம், அதனை ஓர் ஒலிபெருக்கியில் கேட்டும் பாருங்கள்.