முதலில் உயரம்

இங்கிலாந்தின் சஸெக்ஸில் உள்ள லான்சிங் கல்லூரிப் பள்ளியின் தேவாலயத்துக்கு 1868-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சுண்ணக்குன்றில் சில இடங்களில் அஸ்திவாரம் 70 அடி ஆழம் வரை இறங்கியது. நிறுவனர் நத்தானியேல் வுட்டர்டுக்கு ஓர் அச்சம் இருந்தது: தமக்குப் பின் வருவோர் செலவுக்கு அஞ்சிக் கட்டடத்தைத் தாழ்த்திவிடுவார்கள். எனவே ஒரு பகுதியை மட்டும் முதலிலேயே முழு உயரத்துக்கு எழுப்பச் செய்தார். 1891-இல் அவர் மறைந்தபோது பணி முடிந்திருக்கவில்லை. 1911-இல் அர்ப்பணிப்பு, மேற்குச் சுவரின் வட்டச் சாளரம் 1978-இல், முகப்பு மண்டபம் 2022-இல்.

பாதியில் நின்ற நாவல்களையும் சிற்றிதழ்களையும் பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்கு அந்த ஒற்றைப் பகுதி நினைவுக்கு வருகிறது. நாம் கைக்கு எட்டும் உயரத்திலேயே தொடங்கிவிடுகிறோம். பிறகு எவர் தொடர்ந்தாலும் அந்த அளவிலேயே தொடர வேண்டியிருக்கிறது. முடித்துவைக்கப் பிறர் வரக்கூடும். அளவை நிர்ணயிக்கும் பொறுப்பு தொடங்குபவருடையது.