கச்சானுக்கு முந்திக் கரை சேர்கிறவர்கள்

ஜூலையில் பொத்துவில் கடல் விடியலில் எண்ணெய் தடவினாற்போல் கிடக்கும். பத்து மணி தாண்டினால் கச்சான் ஏறி, தூரத்து அலைத்தலைகள் எல்லாம் வெளுத்துவிடும். அதனால் பயணிகளைக் கடலுக்கு ஏற்றிப்போகும் போட்டுக்காரர்கள் சுபஹ் தொழுத கையோடு பொத்துவிலை அடுத்த உல்லைக் கரைக்கு வந்துவிடுகிறார்கள்.

கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கரையில் நிற்பவனுக்கு அதன் கோபம் தெரியாது. தண்ணீர் அடங்கித்தான் இருக்கும்; வெளியே போகப்போகத்தான் அலை உயரும். "போகக்குள்ள காத்தே தள்ளிக்கிட்டுப் போகும் தம்பி. வரக்குள்ளதான் எண்ணெயும் உசிரும் வேணும்" என்றார் என்னை ஏற்றிக்கொண்ட காக்கா. எஞ்சின் நின்றுபோனால் போட் கரைக்கு ஒதுங்காது, வங்காள விரிகுடாவுக்குள் இழுபடும். அவர் எஞ்சினை இழுத்து ஓடவிட்டு, அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு பிஸ்மி சொல்லித் தள்ளினார்கள்.

அவர் கரைவலைக் குடும்பத்தில் பிறந்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையில் தோணியையும் வலையையும் வீட்டையும் ஒன்றாகவே கொண்டுபோனது. இன்று ஓட்டுவது பைபர் போட். அலைச்சறுக்குக்கு வருகிறவர்களில் சிலர் ஓங்கல் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வலை இறக்காத நாட்களில் அவர்களை ஏற்றுகிறார்.

கடலில் எதையும் அவர் முதலில் தண்ணீரில் தேடுவதில்லை. வானத்தில்தான் தேடுகிறார். ஆலாக்கள் ஒரே திசையில் உயரப் பறந்தால் கவனிப்பதே இல்லை, அவை வேறெங்கோ போகின்றன. தாழ்ந்து வட்டமிட்டுக் குத்திக் குத்தி எழும்பினால் உடனே சுக்கானைத் திருப்புகிறார். கீழிருந்து சூரை துரத்த, சூடையும் நெத்தலியும் மேலே வந்திருக்கின்றன என்று அர்த்தம். இரை இருக்கிற இடத்துக்கு ஓங்கலும் வரக்கூடும். வலைக்காகப் பழகிய கண் அது. அன்றும் ஆலாக்கள்தான் காட்டிக்கொடுத்தன. ஒரு பெரிய ஓங்கல் கூட்டம். சில உடம்பைத் திருகிச் சுழன்று எழும்பி விழுந்தன. எங்களோடு வந்த வெளிநாட்டு இளைஞர்கள் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். காக்கா அவர்களைக் கையமர்த்தி உட்காரவைத்தார். போட்டில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

ஓங்கலை விட்டுத் திமிங்கிலத்துக்கு வந்தால், கிழக்கில் அதற்குப் பேர்போனது திருகோணமலை. அங்கே துறைமுகத்து வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குவதால் ஆழம் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சர்வதேச திமிங்கில ஆணைக்குழு 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பின் 'டியூலிப்' என்ற சிறு பாய்மரக் கப்பலில் வந்த ஆய்வாளர்கள் 1983இல் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களைக் கண்டு எழுதினார்கள். ஆனால் அதே ஆண்டுதான் யுத்தமும் மூண்டது. உலகம் பார்க்க விரும்பிய கடல் நம்மவர் மீன்பிடிக்கவே அஞ்சிய கடலாகிப் பல ஆண்டுகள் கிடந்தது. அந்த இழப்பை யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

பொத்துவிலில் ஆழத்துக்கு நெடுந்தூரம் ஓட வேண்டும். காற்று விடுகிற நாள் குறைவு. ஆனாலும் திமிங்கிலம் கண்டவர்கள் இருக்கிறார்கள். மூச்சை வைத்தே இனம் சொல்லலாம்: நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, ஒன்பது மீற்றர் வரை எழும்பும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் முன்னே இடப்புறம் இருப்பதால் மூச்சு முன்பக்கம் இடமாகச் சரிந்து வரும். சில நேரம் விலங்கே தெரியாது, தடயம்தான் மிதக்கும். நீலத் திமிங்கிலத்தின் எச்சம் செங்கல் நிறத்தில் நீரில் பரவும். 2003இல் நம் நாட்டு ஆய்வாளர் ஆஷா டி வோஸ் தெற்குக் கடலில் அதைக் கண்டுதான், இவை இந்த வெப்பக் கடலிலேயே இரை தின்கின்றனவா என்று ஆராயப் புறப்பட்டார்.

ஒன்பதரை மணியளவில் கிழக்கே வெண்புகை போல் ஒன்று எழும்பி மறைந்தது. இளைஞர்கள் கைகாட்டி, அங்கே போகச் சொன்னார்கள். காக்கா எஞ்சினைக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திசையில் அலைகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. அந்த வெள்ளைக்குள் திமிங்கிலத்தின் மூச்சையும் அலை நுரையையும் பிரித்தறிவது கடினம். "திரும்புவம்" என்றார். கூடப் பணம் தருகிறோம் என்றார்கள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கரைக்கு வரும்வரை அணியம் அலையில் மோதி மோதி எங்களை நனைத்தது.

இந்தத் தொழிலில் நான் மிக மதிப்பது அந்தத் திரும்புதலைத்தான். நம் நாட்டின் 2012ஆம் ஆண்டு விதிகள் திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் போட்டைக் கொண்டுபோகக் கூடாது என்கின்றன. காற்றுக்கு அப்படி எழுதிவைத்த விதி போதாது, போட்டுக்காரரின் கண்தான் வேண்டும். ஆனால் கூலியோ, கண்டால் சந்தோஷமாகவும் காணாவிட்டால் பேரம் பேசியும் கொடுக்கப்படுகிறது. காணாத திமிங்கிலத்துக்காகக் கூலியைக் குறைக்கிற ஒவ்வொரு பயணியும், அடுத்த நாள் இன்னொரு போட்டைக் காற்றுக்குள் தள்ளிவிடுகிறார். புறப்படும் முன்பே கூலியைப் பேசி முடித்து, காற்றுக்குத் திரும்பினாலும் முழுவதும் கொடுப்பதை எல்லாக் கரையிலும் வழக்கமாக்க வேண்டும்.

போட்டை மணலுக்கு இழுத்த கையோடு காக்காவுக்கு அழைப்பு வந்தது. நாளைக்கு ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகளோடு. "களப்புக்கெண்டா இப்பவே வரச் சொல்லுங்க, கண்டல் மரம் காட்டலாம். கடலுக்கெண்டா சுபஹுக்குப் பொறகு காத்தப் பாத்துட்டுத்தான் சொல்லுவன்" என்றார்.