இரும்புக்கு நடுவே ரப்பர்

எங்கள் இல்லத்தில் ஒரு மாருதி 800 உண்டு. 1983 டிசம்பரில் டெல்லியை அடுத்த குர்கான் ஆலையிலிருந்து முதல் வண்டி வெளிவந்ததையும், 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றுபோனதையும் நேயர்கள் அறிவார்கள். எங்களுடையது 2006ஆம் ஆண்டு வாப்பா வாங்கியது. அவர்கள் மறைந்த பின்னர் அதனை விற்க உம்மாவுக்கு மனம் இசையவில்லை. மாதம் இருமுறை காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலி மருத்துவரிடம் உம்மாவை அழைத்துச் செல்வதும் அவ்வண்டியில்தான்.

சென்ற ஆண்டு முன்புறத்திலிருந்து ‘டொக்கு டொக்கு’ என்றோர் ஓசை எழத் தொடங்கிற்று. குழி சிறிதானாலும் ஓசை பெரிதாக இருந்தது. முதுகுவலியுள்ள உம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு குழிக்கும் இருக்கையை இறுகப் பற்றிக்கொள்வார்கள், அவ்வளவே. அதனினும் அச்சம் தந்தது வேறொன்று. பிரேக்கை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. சாலையோரம் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்லும் வேளையில் இஃது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்றார்கள். சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கக்கூடிய விலையில் கால்பங்கு. துபாயிலிருக்கும் தம்பி, “காக்கா, பேசாமல் விற்றுவிடுங்கள்” என்றான். அவன் சொல்லிலும் நியாயம் இருந்தது.

முடிவெடுக்குமுன் ஆறுமுகநேரியில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. முன்மூலையை இரு கைகளாலும் அமுக்கிவிட்டார். வண்டி ஒருமுறை எழுந்து நிலைத்தது. “ஷாக்கு நல்லாத்தான் இருக்கு பாய்” என்றார். பிறகு கீழே படுத்து, லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு லிவரைக் கொடுத்து நெம்பினார். அசையக்கூடாத திசையில் ஆர்ம் அரை விரற்கடை அசைந்தது. உள்ளிருந்த ரப்பர் புஷ் வெடித்துச் சிதைந்திருந்தது.

இந்தப் புஷ் செய்யும் ஊழியம் வியப்புக்குரியது. ஓர் இரும்புக் குழல். அதனைச் சுற்றி ரப்பர். நடுவே செல்லும் போல்ட், குழலைச் சட்டத்தோடு அசையாமல் பிணைத்துவிடும். சக்கரம் ஏறி இறங்கும்போது இரும்பின்மேல் இரும்பு உராய்வதில்லை. இடையிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. ஆதலால் இதற்கு எண்ணெயும் வேண்டா, கிரீஸும் வேண்டா. உண்மையில் இயற்கை ரப்பருக்கு எண்ணெய் பகை. ஊறி உப்பி மென்மையாகிவிடும். ஓசை கேட்டதும் எண்ணெய் விடுகிறவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

வண்டி ஒருபுறம் இழுத்ததற்குக் காரணம் மற்றொரு புஷ். மாருதி 800இல் ஸ்டெபிலைசர் பாரின் நுனி லோயர் ஆர்மின் துளை வழியே நுழைந்து, இருபுறமும் ரப்பர் அணைக்க, நட்டினால் முடுக்கப்பட்டிருக்கும். வளைவில் வண்டி சாயாமல் தடுப்பதோடு, சக்கரம் முன்பின் நகராமல் பிடித்து நிறுத்துவதும் அந்தக் கம்பியே. பிரேக் பிடிக்கையில் சாலை சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒருபுறத்து ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் பின்வாங்கும். வண்டி திசை மாறும்.

கழற்றுவதுதான் பெரும்பாடாயிற்று. எங்கள் ஊர் உப்புக் காற்றில் போல்ட்டும் குழலும் துருவேறி ஒன்றாகிவிட்டன. ஒருபுறம் அறுத்தே எடுக்க நேர்ந்தது. புதிய புஷ்ஷைச் சோப்பு நீர் தடவி வைஸில் வைத்து அழுத்தினார். நகரத்தில் பாலியூரிதேன் புஷ் கிடைக்கிறதே என்று கேட்டேன். நீடித்து உழைக்கும், ஆனால் அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும் என்றார். உம்மாவின் முதுகை எண்ணி ரப்பரே போதும் என்றேன்.

வண்டி இன்னும் ஜாக்கியில்தான் இருந்தது. பட்டறைப் பையன் போல்ட்டை முழுதும் முடுக்கப் போனான். அண்ணாச்சி கையைத் தட்டிவிட்டார். “தொங்கும்போது முடுக்காதே!” சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலைந்து முறை அமுக்கிவிட்டு, பள்ளத்தில் இறங்கித் தாமே முடுக்கினார். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், அந்த நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடுகிறது. பின்னர் வண்டி தரையில் நிற்கும் பொழுதெல்லாம் ரப்பர் முறுகியே இருக்கும். ஒவ்வொரு குழியும் அந்த முறுக்கை மேலும் கூட்டும். புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழிந்துபோக, பழி கடைக்காரர்மேல் விழும். பாரம் சுமந்து நிற்கும் நிலையில் முடுக்கினால், ரப்பர் முறுக்கின்றி நடுநிலையில் நிற்கும். புஷ் மாற்றக் கொடுப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் அருகில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

இருபுறமும் மாற்றியதற்கு ஆன செலவு, முதற்பட்டறை கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. அடுத்த நாள் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டேன். உள்விளிம்பு தேய்ந்த டயர் ஒன்றை மாற்ற வேண்டியதாயிற்று. பிரேக் இப்போது நேராகப் பிடிக்கிறது. பின்பக்கத்துப் புஷ்களுக்கும் அதே வயதுதான். அவற்றை மழைக்காலம் கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார் அண்ணாச்சி.