ஏதாவது ஒரு விசை

2013 தீபாவளிக்கு வீட்டுக்குப் போய்ப் பையை இறக்கி வைப்பதற்குள் அப்பா சொன்னார், "கம்ப்யூட்டர் தொறக்க மாட்டேங்குதுடா. என்னான்னு பாரு, நீதான் இன்ஜினியர் ஆச்சே." எங்கள் வீட்டில் இன்ஜினியர் என்றால் டிவி ரிமோட்டிலிருந்து தண்ணீர் பம்ப் வரை அவன் பொறுப்பு.

2004-இல் வாங்கிய பெரிய டப்பா அது. விண்டோஸ் எக்ஸ்பி. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: என்டிஎல்டிஆர் காணவில்லை. விண்டோஸை எழுப்பிவிடும் முதல் கோப்பு அதுதான். அது இல்லையென்றால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

"அதான் நீ குடுத்த சிடி இருக்கே" என்று அப்பா அலமாரியைத் திறந்தார். வீட்டு கிராண்ட், பிறப்புப் பத்திரங்கள் வைத்திருக்கும் கோப்பிலிருந்து அதை எடுத்தார். மேலே என் கையெழுத்தில் 'எக்ஸ்பி'. பல்கலைக்கழக முதலாண்டில் விடுதி அறையில் நான் நகலெடுத்தது. "ஏதாச்சும் ஆச்சுனா இத போடுங்கப்பா" என்று பெரிய மனுஷன்போல் கொடுத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. எட்டு வருஷமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது.

போட்டேன். சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும் என்ற வரி வரவேண்டும். வரவில்லை. மறுபடியும் காணவில்லை, காணவில்லைதான். டிலீட் விசையைத் தட்டி பயோஸுக்குள் போனேன். முதலில் பிளாப்பி, அடுத்து வன்தட்டு, கடைசியில்தான் சிடி. சிடியை முதலில் வைத்துச் சேமித்தேன். ஒயர் தளர்ந்திருக்குமோ என்று பிளக்கைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடியும் போட்டால் வரிசை பழையபடி இருந்தது. மூன்று முறை இதே கதை. நான்காவது முறைதான் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஜனவரி 1, 2003. அந்த டப்பா எங்கள் வீட்டுக்கு வருவதற்கும் முந்தைய தேதி.

மதர்போர்டில் ஐம்பது காசு போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032, மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் இந்த அமைப்புகளையும் காப்பாற்றுவது அதுதான். பிளக் செருகியிருந்தால் அதற்கு வேலையே இல்லை. ஆனால் அப்பா இடிக்குப் பயந்து, ஒவ்வொரு முறை அணைத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். நம் ஊர் இடிக்கு அது நியாயமான பயம்தான். பக்கத்து வீட்டில் ஒரே மழையில் டிவியும் மோடமும் போயிருக்கின்றன. டவுனில் ஒரு சீனர் கடிகாரக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். தேதி நின்றது. வரிசை நின்றது. சிடி மட்டும் அப்போதும் தொடங்கவில்லை.

"கடையில குடுத்துடேன்டா, நல்ல நாள் அதுவுமா" என்றார் அம்மா. கொடுத்திருக்கலாம். எனக்கு ரோஷம்.

கடைசியில் சிடியை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. ஐஎஸ்ஓ கோப்பை விரித்து எழுதாமல், அப்படியே ஒரு படத்தையோ பாட்டையோ போடுவதுபோல் போட்டு வைத்திருக்கிறேன். விதையைப் பொட்டலத்தோடு புதைத்த கதை. பயோஸுக்குக் கோப்பு, பெயர் எதுவும் தெரியாது. 1995-இல் ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து வகுத்த 'எல் டொரிட்டோ' முறைப்படி, பூஜ்யத்திலிருந்து எண்ணி 17ஆவது செக்டாருக்குப் போய் அங்கே ஒரு குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் இது தொடங்கும் தட்டு இல்லை என்று அடுத்ததற்குப் போய்விடும். ஆக, அப்பா எட்டு வருஷம் பாதுகாத்தது உதவாத ஒன்றை. அவரிடம் சொல்லவில்லை.

அதே கோப்பைப் புதுத் தட்டில் முறையாக எழுதினேன். இரவு பத்து மணிக்கு அந்த வரி வந்தது. அழுத்தினேன். நீலத் திரை, ஒப்பந்தம், பிறகு வன்தட்டின் பிரிவுகள். எதில் போடலாம் என்று கேட்டது. காணாமல்போன கோப்பை மட்டும் சிடியிலிருந்து நகலெடுத்துப் பார்க்க ரிக்கவரி கன்சோல் என்று ஒன்று உண்டு. ஆனால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் எனக்குச் சுத்தமான வேலை. முதல் நாளே அப்பாவிடம் கேட்டிருந்தேன், உள்ளே முக்கியமாக ஏதும் இருக்கிறதா என்று. ஒன்னுமில்ல என்றார்.

பின்னால் வந்து நின்றவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "எல்லாம் போயிடுமா?"

"என்ன இருக்கு?"

"தோட்டத்து லிஸ்ட்டு."

எஃப்3-ஐ அழுத்தி வெளியே வந்தேன்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். வீடமைப்புக்காகத் தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். லயம் லயமாக, கதவு கதவாக, யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று அப்பா எழுதிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டில், எழவு வீட்டில் யாரையாவது பார்த்தால் விசாரித்து வந்து சேர்ப்பாராம். நான் ஃபோனில் "என்னப்பா பண்றீங்க" என்று கேட்கும்போதெல்லாம் "சும்மாதான்" என்றது இதுவாக இருக்கலாம்.

பப்பி லினக்ஸ் நூற்றுச் சொச்சம் எம்பிதான். இறக்கி, இன்னொரு தட்டில் எழுதினேன். வன்தட்டைத் தொடாமல் நினைவகத்திலேயே ஓடும். வன்தட்டு டக் டக் என்று இழுத்தது. சில இடங்களில் ஒரு நிமிஷம் நின்றது. கோப்புகளை பென்டிரைவில் ஏற்றி முடிக்க மணி ஒன்றாகிவிட்டது. மடிக்கணினியில் திறந்தால் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். அப்பா முரசு அஞ்சலில் பழைய திஸ்கி குறியீட்டில் அடித்திருக்கிறார். என்னிடம் இருந்ததோ வெறும் யூனிகோட். "போச்சா?" என்றார். எழுத்துருவைத் தேடிப் போட்டதும் கொம்புகள் மறைந்து பெயர்கள் வந்தன. மொத்தம் 61 கதவுகள். சிலவற்றுக்கு நேரே 'தெரியவில்லை'.

அம்மா எப்போதோ தூங்கிவிட்டிருந்தார். காலையில் எண்ணெய்க் குளியல். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்தார்.

"ரெண்டாவது லயத்துக்குப் போ. ஆறாம் நம்பர்ல யாருன்னு போட்டிருக்கேன், படி."