கற்பிட்டிக் கரையில் இலத்தீன்

கற்பிட்டியில் பத்தாந்தரம் பயிலும் என் தமக்கை மகள், இலத்தீன் கற்பிப்பார் அருகில் எவரும் இல்லாமையால், அயல்நாட்டு ஆசிரியர் ஒருவர் மின்னஞ்சலில் திருத்தியனுப்பும் பயிற்சிகளைக் கொண்டு, அப்பாஷையை அரிச்சுவடியிலிருந்தே தொலைக்கல்வியாகக் கற்று வருகிறாள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு (1962–65) முன்னர் இக்கரையிலுள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்திலும் பூசை இலத்தீனிலேயே நிகழ்ந்ததாகையால், எங்கள் பாட்டனார் அர்த்தமறியாது பக்தியோடு செவிமடுத்த பாஷை, அதனைக் காதாற் கேட்டிராத கொள்ளுப்பேத்திக்கு இன்று இலக்கண வாயிலாக அர்த்தத்தோடு வந்து சேர்கிறது.

பெயர்கள் வேற்றுமை ஏற்பதும், வினை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் நிற்பதும் தமிழ்ப் பிள்ளைக்குப் பழக்கமானவையே. உயிரற்ற மேசையையும் பெண்பாலாகக் கொள்ளும் நியதிதான் அவளைத் திகைக்கச் செய்தது.

'இலத்தீனால் என்ன உத்தியோகம் கிடைக்கும்?' என்று உறவினர் வினவுகின்றனர். முதலாம் நூற்றாண்டில் உரோமானியரான பிளினி இலத்தீனில் எழுதிய 'இயற்கை வரலாறு' என்னும் நூலின் ஆறாம் புத்தகத்தில், அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவனிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், காற்றினால் அலைக்கப்பட்டு இலங்கையின் ஹிப்புரோஸ் துறையை அடைந்த வரலாறு உள்ளது. அத்துறை நமக்கு வடக்கே வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலையே என்பது ஆய்வாளர் சிலரின் அபிப்பிராயம். தன் கரையைக் குறித்த அப்புராதன சாட்சியத்தைப் பிறர் தயவின்றித் தானே வாசிக்கும் யோக்கியதை ஒரு பெண்ணுக்கு வாய்க்குமாயின், அதுவே கல்வியின் போதிய பிரயோஜனம் என்பேன்.