நாலு காலுக்கும் பி.பி. மிஷின்!

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கூவம் ஆற்றை ஒட்டி ஒரு தனி உலகம் இருக்கிறது. பெயர் புதுப்பேட்டை. 2006-ல் வந்த தனுஷ் படத்தின் புண்ணியத்தில், இந்த ஏரியாக்காரர்கள் எல்லாரும் அரிவாளும் கையுமாகத் திரிவார்கள் என்று தமிழ்நாடே நினைத்துக்கொண்டிருக்கிறது. நிஜத்தில் அவர்கள் கையில் இருப்பது ஸ்பேனர்!

தெருவுக்குள் நுழைந்தால் ஒரு கடை முழுக்கக் கதவுகள். அடுத்த கடை முழுக்க பம்பர்கள். கொஞ்சம் தள்ளி, கண் ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருப்பவர்கள் மாதிரி வரிசையாக விழித்துக்கொண்டு ஹெட்லைட்டுகள். நடைபாதையில் ஓர் இன்ஜின், அதன் தலையில் பாதி குடித்த டீ கிளாஸ். ''எந்த மாடல், எந்த வருஷம்?'' - இரண்டே கேள்விதான். நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடைப் பையன் பரணில் ஏறியிருப்பான்.

நான் அங்கே போனது கதவுக்கோ கண்ணாடிக்கோ அல்ல. காற்றுக்கு!

என்னுடையது 2011 மாடல் சின்ன கார். ஆயில் குறைந்தால் விளக்கு எரியும். ஹேண்ட்பிரேக்கை எடுக்க மறந்தால் விளக்கு எரியும். ஆனால், மொத்த பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடுகிற நாலு டயர்களுக்கு ஏதாவது ஆனால், டேஷ்போர்டு மூச்சுக்கூட விடாது. ஆபீஸில் நாற்பதைத் தாண்டிய அத்தனை பேரும் தங்கள் பி.பி.யை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஒப்பிக்கிறார்கள். அவர்களிடம் ''உங்க டயர்ல எத்தனை பாயிண்ட்?'' என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பார்கள்.

அமெரிக்காக்காரன் இதில் அடிபட்டுத்தான் பாடம் படித்தான். ஓடும்போதே டயர் பிய்ந்து கார்கள் உருண்டு நிறையப் பேர் செத்த பிறகு, 2000-ல் சட்டம் போட்டார்கள். 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களிலும் டயர் காற்றைக் கண்காணிக்கிற ஏற்பாடு கட்டாயம். ஐரோப்பாவில் 2014-ல் அதே கதை. நம் ஊரிலும் 2020-ல் ஒரு விதி வந்தது: டியூப்லெஸ் டயரும், இந்தக் கருவியும், பஞ்சர் ஒட்டுகிற கிட்டும் இருக்கிற சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி தேவையில்லை!

அம்மாவை ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். மே மாதம். முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். பக்கத்து ஸீட் நண்பர் இலவச ஆலோசனை சொன்னார்: ''வெயில் காலம் சார். காத்து சூடாகி வெடிச்சிடும். ரெண்டு பாயிண்ட் குறைச்சே வைங்க!''

இந்த ஆலோசனையைத் தமிழ்நாட்டில் கேட்காதவர்கள் இருக்க முடியாது. விஷயம் நேர்தலைகீழ். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகிறதில்லையா, அதே சமாச்சாரம். அந்தச் சூடுதான் டயரைக் கிழிக்கிறது. டிரைவர் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கிற அளவு, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டிய அளவு. என் வண்டிக்கு 32.

புதுப்பேட்டையில் ஒரு பாய் கடையில், கழற்றிய சக்கரங்களுக்கு நடுவே அந்தச் சாமான் கிடைத்தது. தீப்பெட்டியைவிடச் சின்னக் கறுப்புப் பெட்டி, வாலில் ஒரு வால்வு. சல்லிசான விலைதான். பையில் போடப்போனேன். பாய் தடுத்தார்.

''நம்ம கடைல எது வேணா வாங்கு சார், இத்த வாங்காதே.''

''ஏன் பாய்?''

''உள்ள இருக்கிற பேட்டரிய மாத்த முடியாது. ஸீல் பண்ணிட்டான். அஞ்சு வருஷமோ பத்து வருஷமோ, அது செத்தா ஸென்ஸாரே குப்பை. இது எத்தினி வருஷம் ஓடுச்சுன்னு எனக்கே தெரியாது. இது பேசற பாஷையும் வேற. உன் வண்டில அதக் கேக்க ஆளே இல்ல. ஜி.பி. ரோடுக்குப் போ, புதுசா ஸெட்டா வாங்கு.''

விற்கிறவரே வேண்டாம் என்று சொல்கிற கடைக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போவேன்.

ஜி.பி. ரோடு என்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிறது. புதுப்பேட்டை கார்களுக்கு மார்ச்சுவரி என்றால், இது பியூட்டி பார்லர். ஸீட் கவர், ஸ்பீக்கர், தலையாட்டும் நாய்பொம்மை... வண்டியை நிறுத்த இடம் தேடும் முன்பே நாலு பேர் கை காட்டி அழைப்பார்கள்.

அங்கே ஒரு கடைப் பையன் இரண்டு வகை காட்டினான். முதல் வகை, வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகிவிடுகிற குமிழ். வேலை ஐந்து நிமிஷம். பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால், காற்று அடிக்கும்போதெல்லாம் கழற்ற வேண்டும். தெருவில் நிறுத்தினால் அடுத்தவர்களும் கழற்றுவார்கள்! இரண்டாவது வகை உள்ளே போவது. டயரை ரிம்மிலிருந்து பிரித்து, பழைய வால்வை எடுத்துவிட்டு இதைப் பொருத்தி, மறுபடி வீல் பேலன்ஸிங் செய்ய வேண்டும். விலையும் அதிகம், நேரமும் அதிகம். தொல்லை குறைவு.

உள்ளே போவதையே மாட்டினேன். பழைய வண்டியில் தகவலைக் கேட்கிற 'காது' கிடையாது என்பதால், டேஷ்போர்டின் மேல் ஒரு சின்னப் பெட்டி. சூரிய ஒளியிலேயே சார்ஜ் ஆகிக்கொள்ளும். நாலு மூலையிலும் நாலு எண்கள்.

பையன் இரண்டு எச்சரிக்கைகள் கொடுத்தான். ''ஒவ்வொரு ஸென்ஸாருக்கும் தனி நம்பர் சார். டயரை முன்னபின்ன மாத்தினா பெட்டிக்கும் சொல்லிடணும். இல்லேன்னா முன்னாடி காத்து இறங்கும், பின்னாடின்னு காட்டும்.'' (டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வராத குமாஸ்தா மாதிரி!) ''டயரைக் கழற்றும்போது, உள்ள ஸென்ஸார் இருக்குன்னு மொதல்லயே சொல்லிடுங்க. இல்லாட்டி கடப்பாரை பட்டு உடைஞ்சிடும்.''

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நாலிலும் 32. ஸ்டெப்னிக்கு முந்தின நாளே காற்று அடித்தாயிற்று. அதைப் பற்றி இந்தப் பெட்டி ஒரு வார்த்தை பேசாது. அம்மா பின் ஸீட்டில் இடது பக்கம், மடியில் புளியோதரை டப்பா.

பரனூர் டோல்கேட் தாண்டி, பாலாற்றுப் பாலம் ஏறும்போது 34, 34, 34, 33. ஓட ஓட டயர் சூடாகும், காற்று விரியும். ஐந்து டிகிரி சூட்டுக்குச் சுமார் ஒரு பாயிண்ட் ஏறும். இதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. மேல்மருவத்தூரில் மூன்று டயர்கள் 35. பின் இடது மட்டும் 32. திண்டிவனத்தில் மூன்றும் 36. அது 31.

பெட்டி சத்தம் போடவில்லை. போடாது. 32-ல் கால் பங்கு குறைந்து 24-க்கு வந்தால்தான் அலறும்படி வைத்திருக்கிறது. ஆனால் தெற்கே போகிற வண்டிக்குக் காலை வெயில் இடது பக்கம்தான் அடிக்கும். அந்த டயர் மற்றவற்றைவிட ஒரு பாயிண்ட் கூடவே காட்டியிருக்க வேண்டும். மூன்று பேர் மாடி ஏறும்போது ஒருத்தன் மட்டும் இறங்கினால், அவனுக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த டயருக்கு நேர் மேலே அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

விக்கிரவாண்டிக்கு முன்னால், புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டயரைச் சுற்றி சோப்புத் தண்ணி தெளித்தார். ஓர் இடத்தில் மட்டும் முட்டை முட்டையாக நுரை. குறடால் பிடுங்கினார். ஒன்றரை அங்குல ஸ்க்ரூ!

''பெட்டி கத்துச்சா சார்?''

''இல்லை. மத்த மூணும் ஏறுது, இது மட்டும் இறங்குது. அதான் நிறுத்தினேன்.''

''அதான் சார் கணக்கு. கத்தறவரைக்கும் காத்திருந்தா சைடு மடங்கி டயரே போயிருக்கும். நூறுல போறப்போ அது கிழிஞ்சா, வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்னு பிரம்மாவாலயும் சொல்ல முடியாது.'' ஸ்க்ரூவை என் உள்ளங்கையில் வைத்தார். ''ஜெல் ஊத்தட்டுமா?''

''வேண்டாம். உள்ளே ஸென்ஸார் இருக்கு, அடைச்சுக்கும்.''

டயரைப் பிரிக்காமல், வெளியிலிருந்தே ரப்பர் குச்சியைச் செருகி முடித்தார். 150 ரூபாய். முழுசாகச் சூடு ஆறாத டயர் என்பதால், மற்ற மூன்றுக்கும் சமமாக 36 வைத்து அனுப்பினார்.

அதன்பிறகு அம்மா தூங்கவே இல்லை. உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று ஊருக்கு ஊர் பின்னாலிருந்து வர்ணனை: ''முன்னாடி வலது முப்பத்தெட்டுடா... பின்னாடி ரெண்டும் சமம்டா...'' கொள்ளிடம் பாலத்தில், 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரம் கண்ணில் பட்டபோது மட்டும் ஸ்கோரை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் மாமா. உப்பில்லாமல் சாப்பிடுகிற ஆசாமி.

''என்னக்கா இவ்வளவு லேட்டு?''

''வழியில வண்டிக்கு பி.பி. இறங்கிடுச்சுடா.''

''ஐயையோ! மாத்திரை போட்டீங்களா?''

''ஒரு குச்சி போட்டாங்க. நூத்தம்பது ரூபா.''

மாமா பெருமூச்சு விட்டார்: ''என் டாக்டர் ஐந்நூறு வாங்கறாரு!''