ஜெனரலின் கோட்டை, சிப்பாயின் கல்லறை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பெனோப்ஸ்கொட் ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு கருங்கல் கோட்டை நிற்கிறது. பெயர் ஃபோர்ட் நாக்ஸ். ஜார்ஜ் வாஷிங்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்த ஜெனரல் ஹென்றி நாக்ஸின் நினைவாக வைத்த பெயர். 1844இல் கட்டத் தொடங்கினார்கள். கல் பக்கத்து வால்டோ மலையிலிருந்து வந்தது. வருகிறவர்கள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் தேடி வந்த ஆள் இன்னும் சில மைல் தெற்கே, சாண்டி பாயிண்ட் இடுகாட்டில் இருக்கிறார்.

ஜோசப் பிளம்ப் மார்ட்டின். 1760இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்து, கனெக்டிகட்டில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அமெரிக்க விடுதலைப் போருக்காக 1776இல் ஆறு மாதத்துக்கென்று படையில் சேர்ந்தபோது வயது 15. மறு ஆண்டு திரும்பப் போனவர், 1783இல் போர் ஓய்ந்த பிறகுதான் விடுபட்டார். மான்மத், யார்க்டவுன் சண்டைகள் எல்லாம் பார்த்தாயிற்று.

போர் முடியும்வரை இருப்பதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்குத் தலைக்கு 100 ஏக்கர் என்று காங்கிரஸ் வாக்குக் கொடுத்திருந்தது. மார்ட்டின் அதற்குக் காத்திருக்காமல் மெய்னுக்கு வந்து காடு திருத்தினார். அங்கேதான் வினை. நாக்ஸின் மனைவி லூசி, அந்த வட்டாரத்தையே மானியமாகப் பெற்றிருந்த சாமுவேல் வால்டோவின் பேத்தி. எல்லாம் எங்கள் சொத்து என்றார் ஜெனரல், சட்டமும் ஆமோதித்தது. மார்ட்டினின் நிலத்துக்கு 170 டாலர் விலை வைத்தார்கள். அவரால் கட்ட முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நிலம் முழுதும் கைவிட்டுப் போனது.

1818இல், வறுமையில் வாடும் பழைய வீரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது. சிப்பாய்க்கு மாதம் 8 டாலர். இரண்டே ஆண்டில், ஏழைதான் என்பதைச் சொத்துப் பட்டியலோடு நிரூபிக்கச் சொன்னது அரசு. மார்ட்டின் எழுதிக் கொடுத்தார்: இரண்டு பசு, ஆறு செம்மறி, ஒரு பன்றி. கூடவே நோயாளி மனைவி, பிள்ளைகள் பற்றிய விவரம்.

வம்சாவளி தேடுகிறவர்களுக்கு இந்த மனுக்களைப் போன்ற புதையல் வேறில்லை. வசதியாக வாழ்ந்தவர்களுக்கு அந்த ஓய்வூதியம் இல்லை. அதனால் அவர்கள் வீட்டு ஆடு மாட்டுக் கணக்கு நமக்குக் கிடைக்காமலே போய்விட்டது!

மார்ட்டின் முடங்கிவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ப்ராஸ்பெக்ட் ஊரின் எழுத்தராக இருந்தார். 1830இல் தன் போர் அனுபவங்களைப் பெயர் போடாமல் புத்தகமாக்கினார். அன்று யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. 1962இல் மறுபதிப்பு வந்ததிலிருந்து, அந்தப் போரைப் பற்றி எழுதுகிற யாரும் அவரைத் தொடாமல் போவதில்லை. 1850இல், 89 வயதில் காலமானார். கோட்டை வேலை அப்போதும் முடிந்திருக்கவில்லை.

நாக்ஸ் தனக்கென்று கட்டிய மாளிகை தாமஸ்டனில் இருந்தது. 1871இல் அதை இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது இருபதாம் நூற்றாண்டில் எழுப்பிய நகல். அடுத்த பகுதியில் அங்கே போவோம்.